ஏத்தி விட்டவன்

வாந்தி வர்ற மாதிரி இருக்குதுன்னா நீ ஜன்னல் பக்கம் வந்துரு அம்மணி. எனக்கு இந்தப் பக்கந்தான் தோது. காலை வழியில நீட்டிக்கலாம். கண்டக்டர் தாண்டித் தாண்டிப் போவாரு, ஒரு வார்த்தை திட்டுவாரு. அதெல்லாம் பழக்கந்தான். பழனிக்குத்தானே நீயும்? அப்ப நல்லதாப் போச்சு.

என்ன அப்படிப் பாக்கறே? ஒசரத்தையா? பாத்துக்க, பாத்துக்க. அஞ்சே முக்கால் அடி. பொம்பளைக்கு இது ஆகாதுன்னு ஊரே சொல்லியாச்சு. எங்கூட்டுக்காரரு என்ற தோளுக்குத்தான் வருவாரு. மாலை மாத்தறப்ப கொஞ்சம் குனிம்மான்னாங்க. குனிஞ்சேன். பந்தலே சிரிச்சுது.

அந்த ஒசரம் அப்படியே என்ற பையனுக்கு வந்துருச்சு. தரணிதரன்னு பேரு. தரணீம்போம். பன்னெண்டாவது படிக்கறப்பவே வாசப்படில குனிஞ்சுதான் வருவான். பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர் பாத்துட்டு ஒரு பாஸ்கட்பாலைக் கையில குடுத்தாரு. அதுக்கப்பறம் யாரும் சிரிக்கலை. அதான் அம்மணி விசயம். என்னைப் பாத்துச் சிரிச்ச அதே ஒசரத்துக்கு அவனைப் பாத்துக் கை தட்டுனாங்க. அவன் எங்க விளையாண்டாலும் கிரவுண்டுல போய் உக்காந்துக்குவேன். விளையாட்டு எனக்கென்ன தெரியும்? பந்து ரிங்குக்குள்ள உழுந்தா நல்லது, உழுவாட்டி கெட்டது. அவ்வளவுதான். அவன் எம்பிப் பந்தைப் புடிக்கறப்ப பக்கத்துல இருக்கறவங்க, 'யாரு வீட்டுப் பையன்?'னு கேப்பாங்க. நான் எந்திரிச்சு நிப்பேன். வாயத் தொறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

அவன் எங்க போய் விளையாண்டான் தெரியுமா? ஸ்பெயின்ல. ஆமா, வெளிநாட்டுலதான். மோந்தர்வால்னு ஒரு ஊரு. அந்தப் பேரு என்ற வாயில வர்றதுக்கே ரொம்ப நாளாச்சு. நம்ம மடத்துக்குளம் அளவுதான் இருக்கும்பான். ஒரு சர்ச்சு, ஒரு சந்தை, சுத்தி ஆலிவ் காடு, ஊர்க்கோடில ஒரு பாஸ்கட்பால் மண்டபம். ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிஞ்சா சனமெல்லாம் நேரா மண்டபத்துக்கு வந்துருமாமா.

எப்படிப் போனான்னு கேளு. கோயமுத்தூர்ல ஒரு கேம்ப் நடந்துச்சு. ஸ்பெயின்ல இருந்து ஒரு கோச்சு வந்திருந்தாரு. இவனைப் பாத்தாரு. எங்க ஊருக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும், வர்றியான்னுட்டாரு. அதே சமயத்துல ரயில்வேல விளையாட்டுக் கோட்டால இவனுக்கு வேலைக்குக் கூப்பிட்டு இருந்தாங்க. செலக்சன்கூட ஆயிருச்சு. எங்கூட்டுக்காரரு, 'பையனைக் கேளு மயிலா, அவன் எதுக்குப் போறேங்கறான்னு கேளு'ன்னாரு. பையனை என்னத்தக் கேக்கறது? பெத்தவளுக்குத் தெரியாதா? ரயில்வே எங்கயும் ஓடிப் போயிராது சாமி, வருஷா வருஷம் கூப்பிடுவாங்க, நீ ஸ்பெயினுக்குப் போ அப்படீன்னேன். அவனும் சரிம்மான்னான். சந்தோசமாத்தான் சொன்னான். அப்படித்தான் இருந்துச்சு எனக்கு.

வருஷா வருஷம் கூப்பிடுவாங்கதான். வயசுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்காங்கன்னு அப்பறந்தானே தெரிஞ்சுது.

சரி, அதை விடு. அங்க இந்த லீக்கு எப்படீன்னா அம்மணி, அடுக்கு மாடி மாதிரி. உச்சி மாடில பெரிய பெரிய டீமுங்க, டிவில வர்றவங்க. அதுக்குக் கீழ ஒண்ணு. அதுக்கும் கீழ ஒண்ணு. என்ற பையன் போன டீமு மேல இருந்து எண்ணுனா நாலாவதுல இருந்துச்சு. வருஷக் கடைசில நல்லா விளையாண்டவங்க ஒரு மாடி மேல ஏறலாம். கடைசியா வந்தவங்க ஒரு மாடி கீழ எறங்கோணும். நம்மூர்ல ஜெயிச்சா கப்பு குடுப்பாங்க, தோத்தா டீயும் வடையும் குடுத்துத் தாட்டி உடுவாங்க. அடுத்த வருஷம் எல்லாரும் மறுக்கா ஒண்ணாத்தான் ஆரம்பிப்பாங்க. அங்க அப்படிக் கெடையாது. ஏறோணும், இல்லாட்டி எறங்கோணும். இது எனக்குப் புரியறதுக்கே தீவாளி வந்துருச்சு. புரிஞ்சதும் ஒரே நெனப்புதான். என்ற பையன் டீமு ஏறிரோணும். நாலுல இருந்து மூணு, மூணுல இருந்து ரெண்டு. அப்பறம் டிவில வருவான். மாலை மாத்தறப்ப சிரிச்சாங்களே, அவங்க வீட்டு டிவிலயும் வருவான்.

அங்க ஞாயித்துக்கெழமை மத்தியானம் மேட்ச்னா நமக்கு சாயங்காலம் காப்பி போடற நேரம். போன்ல வரும். பக்கத்து வீட்டுல பெரிய டிவி இருக்குது, அதுல போட்டுக் குடுப்பாங்க. பூராம் ஸ்பானிஷ்ல பேசுவாங்க. ஒண்ணும் புரியாது. 'தரானி, தரானி'ங்கறது மட்டும் புரியும். அவன் பேரை அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மண்டபத்துல சின்னப் புள்ளைங்க முதக்கொண்டு தரானி தரானின்னு கத்தும். எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கும்.

கர்ணா அக்கான்னு ஒரு அம்மா இருந்தாங்க அங்க. நெசப்பேரு என்கர்னா. எனக்கு அது வரலை, கர்ணான்னே கூப்பிட்டுக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஓட்டல் வெச்சிருக்காங்க. டீமுக்காரப் பசங்களுக்கு அங்கதான் சாப்பாடு. மத்தவனுங்க சாப்பிட்டுப் போயிருவானுங்க, என்ற பையன் தட்டைக் கழுவி வெச்சுட்டுத்தான் போவானாம். அதுலயே அவங்களுக்கு இவன் மேல உசுரு. வீடியோவுல கூப்பிடுவாங்க. நான் தமிழ்ல பேசுவேன், அவங்க ஸ்பானிஷ்ல பேசுவாங்க. ஒரு மணி நேரம் பேசுவோம். நான் கொழம்புச் சட்டியைக் காட்டுவேன், அவங்க அவங்க சட்டியைக் காட்டுவாங்க. புரியலைன்னு ஒரு நாளும் தோணுனதில்லை.

டீமு நல்லா ஜெயிச்சுக்கிட்டு வந்துச்சு. ஒரே மாடில டீமுங்களைக் கூட்டங் கூட்டமாப் பிரிச்சிருப்பாங்க, பொங்கல் வந்தப்ப இவங்க கூட்டத்துல இவங்கதான் மொதல்ல இருந்தாங்க. நான் தைப்பூசத்துக்கு நடக்கறதா வேண்டிக்கிட்டேன். உடுமலைல இருந்து பழனிக்கு, இதே ரோடுதான். இந்தா, இந்தப் புளியமரத்தடிலதான் ஒக்காந்தேன், பாதம் ரெண்டும் கொப்பளிச்சுப் போச்சு. ஒக்காந்த எடத்துல இருந்து அவனுக்கு வீடியோ போட்டேன். பாரு சாமி, உன்ற டீமு மேல ஏறோணும்னு நடக்கறேன், முருகன் உட மாட்டாருன்னேன். காலைக் காட்டுனேன். அவன் அதையே ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம், 'போதும்மா, பஸ் ஏறி வீட்டுக்குப் போ'ன்னான். 'இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்புவாங்களா?'ன்னேன். 'எனக்காக நடக்காதம்மா'ன்னான். அம்மா காலு வலிக்குமேன்னு அவனுக்கு. அந்த மாதிரிப் பையன் அவன்.

மலை ஏறி சாமி கும்பிட்டுட்டுத்தான் திரும்புனேன்.

வைகாசில கடைசி மேட்ச்சுக. எப்படீன்னா, ஒவ்வொரு கூட்டத்துலயும் முன்னால வந்த டீமுங்களை ஒரே ஊருக்குக் கூட்டிக்கிட்டு வந்து விளையாட வெக்கறாங்க. நாலு டீமு, மூணு நாளு. அதுல மொதல்ல வர்ற ஒரே டீமு மேல போவும். மத்ததெல்லாம் வருஷம் பூரா ஜெயிச்சிருந்தாலும் இருந்த எடத்துக்கே திரும்பிப் போவோணும். கொடுமைதானே? மொத ரெண்டு நாளும் நம்மாளுங்க ஜெயிச்சுட்டாங்க. இன்னொரு டீமும் ரெண்டையும் ஜெயிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கெழமை ரெண்டுக்கும் நேருக்கு நேரு.

பக்கத்து வீட்டுல ஒக்கார எடமில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் பூராம் வந்துட்டாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சவங்கதான் பாதிப் பேரு. நான் எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன். மேட்ச்சு போவுது, போவுது, முன்ன பின்ன ஆவுது. கடைசி நிமிசத்துல நம்மாளுங்க ஒரு பாயின்ட் பின்னால. பந்து நம்மகிட்ட. ஒரு வெள்ளைக்காரப் பையன் தூரத்துல இருந்து எறியறான். பந்து ரிங்குல பட்டுத் தெறிக்குது. எனக்கு உசுரே போச்சு. அப்ப அத்தனை கைக்கும் மேல ரெண்டு கை போவுது. என்ற பையன் கை. எம்புன எடத்துலயே பந்தைத் தட்டி உள்ள போட்டுட்டான். கீழ எறங்கறதுக்குள்ள ஹார்ன் அடிச்சுருச்சு.

நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாய் கட்டை அவுத்துக்கிட்டு ஓடிருச்சு. சிரிக்காதே, நெசமாத்தான். டிவில எல்லாரும் ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி உழுந்து பொரளறானுங்க. ஊருச் சனம் தடுப்பைத் தாண்டி உள்ள ஓடி வருது. தரணி மட்டும் ரிங்குக் கீழ அப்படியே நின்னுக்கிட்டு இருந்தான். அந்தக் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு, மேல ரிங்கைப் பாத்துக்கிட்டு. கண்ணுல தண்ணி. கர்ணா அக்கா ஓடி வந்து அவனைக் கட்டிக்கிட்டு அழுவறாங்க, அவங்க தலை அவன் நெஞ்சுக்குக்கூட வரலை. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், 'பாருங்க, சந்தோசத்துல அழுவறான்'னு. எங்கூட்டுக்காரரு டிவி கிட்டப் போய் நின்னு அவனையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. 'சந்தோசமாத் தெரியலையே'ன்னாரு. நீங்க எதைத்தான் நல்லதாப் பாத்தீங்கன்னு நான் திட்டிட்டேன்.

அடுத்த மாசம் வந்தான். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு ரெண்டு வேன் வெச்சுக்கிட்டுப் போனோம். ஊருப் பசங்க கிரவுண்டு முன்னால பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தானுங்க. ஸ்பெயினில் சாதித்த எங்கள் சிங்கமேன்னு. அவன் அதைப் பாத்ததும் வேனுக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கூச்சம். நான் இழுத்துக் கொண்டு போய் அதுக்கு முன்னால நிக்க வெச்சு போட்டா எடுத்தேன்.

மறுக்கா எப்பப் போறேன்னு எல்லாரும் கேட்டாங்க. ஆவணில போவான்னு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, ஊறுகா எல்லாம் பண்ணி டப்பால அடைச்சு வெச்சேன். கர்ணா அக்காவுக்குன்னு ஒரு சேலை எடுத்து வெச்சேன், பச்சைக் கலரு. ஆடி போச்சு. ஆவணி பொறந்துச்சு. ஒரு நா மத்தியானம் சாப்பாடு போட்டுக்கிட்டே, 'டிக்கெட்டு என்னைக்குடா?'ன்னேன்.

'டிக்கெட் இல்லம்மா.'

'ஏன், அவங்க இன்னும் அனுப்பலையா?'

'அனுப்ப மாட்டாங்கம்மா. என்னை எடுக்கலை.'

எனக்குப் புரியலை. ஏத்தி உட்டதே நீதானடா, உன்னைய எப்படி எடுக்காம இருப்பாங்கன்னேன். அவன் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே மெதுவாச் சொன்னான். கீழ இருக்கறப்ப வெளிநாட்டுப் பையன் ஒருத்தன் இருக்கலாமாமா. மேல ஏறிட்டா அந்த நாட்டுல பழகி வந்த பசங்கதான் நெறைய இருக்கோணுமாமா. மிச்சமிருக்கற ஒண்ணு ரெண்டு எடத்துக்கு இவனைவிடப் பெரிய ஆளா, மேல விளையாண்டு பழகுன ஆளாத்தான் கொண்டு வருவாங்களாமா. அமெரிக்காக்காரன் ஒருத்தனை எடுத்துட்டாங்களாமா. இவனுக்கு ஒப்பந்தம் முடிஞ்சுது. விசாவும் அதோட முடிஞ்சுது.

'இதை உனக்கு எப்பச் சொன்னாங்க?'ன்னு எங்கூட்டுக்காரரு கேட்டாரு.

'பொங்கலப்பவே கோச் சொல்லிட்டாருப்பா. நல்ல மனுசன். ஏமாத்தக் கூடாதுன்னு கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாரு. ஏறலைன்னா அடுத்த வருஷமும் நீதான், ஏறிட்டா நீ இல்லைன்னு.'

எங்கூட்டுக்காரரு அதிகம் பேசற மனுசன் இல்லை. சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சாரு. 'அப்பறம் ஏன் சாமி அந்தப் பந்தைப் போட்டே?'ன்னாரு.

தரணி அவரைப் பாத்தான். இது ஒரு கேள்வியான்னு பாக்கற மாதிரி பாத்தான். 'பந்து கைக்கு வந்துச்சுப்பா'ன்னான்.

அவ்வளவுதான். மறுக்கா அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசுனதில்லை. கையைக் கழுவிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

நீயே சொல்லு அம்மணி, இது அடுக்குமா? தோள் குடுத்து ஏத்தி உட்டவனைக் கீழயே உட்டுட்டு ஏறிப் போறது எந்த ஊரு நாயம்? நான் கர்ணா அக்காவுக்குக் கூப்பிட்டு நல்லாக் கேட்டுட்டேன். தமிழ்லதான். அவங்க அழுதாங்க. அவங்களை அழ வெச்சு என்ன பண்றது, டீமு அவங்களுதா? சேலை இன்னும் பீரோவுலதான் இருக்குது.

இப்ப காத்தாடிக் கம்பெனில இருக்கறான். எங்க பக்கமெல்லாம் கரண்டு எடுக்கறதுக்குப் பெரிய பெரிய காத்தாடி வெச்சிருக்காங்கல்ல, அதுல ஏறி வேலை பாக்கறது. உள்ள ஏணி இருக்குது, குறுகல். தோள் ரெண்டும் இடிச்சு இடிச்சுக் கன்னிப் போய் வருவான். நான் வேப்பெண்ணெய் தேச்சு உடுவேன். பந்தைத் தொடறதில்லை. கிரவுண்டுல பசங்களுக்குச் சொல்லிக் குடுன்னு கூப்பிட்டாங்க, போகலை. கிரவுண்டு வழியா வந்தா வீடு கிட்ட. அவன் சந்தைப்பேட்டை சுத்தித்தான் வண்டில வர்றான். மத்தபடி நல்லாத்தான் இருக்கறான். ஒண்ணும் கொறையில்லை. நல்லாத்தான் சாப்பிடறான்.

நான் அந்த டீமை உடலை. ஞாயித்துக்கெழமையானா பக்கத்து வீட்டுக்குப் போயிருவேன். இப்ப எதுக்குப் போறேன்னு அவங்களுக்கே தெரியும். அவனுங்க தோக்கறதைப் பாக்கத்தான். தோத்தானுங்க அம்மணி! அந்த அமெரிக்காக்காரன் வந்து என்ன கிழிச்சான்? மேல் மாடில இருக்கறவனுங்க தூக்கித் தூக்கி அடிச்சானுங்க. ஒவ்வொரு தடவை தோக்கறப்பவும் என்ற வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும். போன்ல பட்டியல் ஒண்ணு வரும், யாரு மேல, யாரு கீழன்னு. கீழ எறங்கறவங்களுக்கு செவப்புக் கோடு போட்டிருப்பாங்க. மோந்தர்வால் ரொம்ப நாளு அந்த செவப்புலயே கெடந்துச்சு. அப்பறம் எப்படியோ ரெண்டு மூணு ஜெயிச்சு ஓரத்துக்கு வந்திருக்கறானுங்க. இந்த ஞாயித்துக்கெழமை கடைசி மேட்ச்சு. ஜெயிச்சா அங்கயே இருப்பானுங்க. தோத்தா எறங்கோணும்.

எறங்கிட்டா என்ன? பழையபடி நாலாவது மாடி. நாலாவது மாடிக்கு வந்தா வெளிநாட்டுப் பையன் வேணும். அப்ப யாரைக் கூப்பிடுவாங்க? ஏத்தி உடத் தெரிஞ்சவனைத்தானே? இதை நான் தரணிகிட்டச் சொன்னேன். 'கூப்பிட மாட்டாங்கம்மா, எனக்குப் பின்னால எத்தனையோ பேரு வந்துட்டாங்க'ங்கறான். அவனுக்கு என்ன தெரியும்? மனசு ஒடைஞ்சு போய்ச் சொல்றான். கர்ணா அக்காகூடப் போன வாரம் எழுதியிருந்தாங்க. தமிழ்ல மாத்தி அனுப்புவாங்க, கன்னாபின்னான்னு வரும். 'தரானி மேசையில் தட்டு காத்திருக்கிறது'ன்னு. அது சும்மாவா எழுதுவாங்க?

அதுக்குத்தான் பழனிக்குப் போறேன். ஆமா. அவனுங்க தோக்கோணும்னு வேண்டிக்கத்தான். எங்கூட்டுக்காரரு, இது பாவம் மயிலா, அடுத்தவன் கெட்டுப் போகோணும்னு சாமிகிட்டப் போவாதேன்னாரு. எது பாவம்? என்ற பையனைத் தொரத்துனது பாவமில்லையா?

சரி, அதுகூடப் பரவாயில்லை. போன ஞாயித்துக்கெழமை நடந்ததைச் சொல்றேன், கேளு. மேட்ச்சு நடக்கற நேரம். பக்கத்து வீட்டுல கரண்டு இல்லை. சரி, காயப்போட்ட மொளகாயையாவது அள்ளலாம்னு மொட்டை மாடிக்குப் போனேன். தரணி அங்க இருந்தான். தண்ணித் தொட்டி மேல போனைச் சாத்தி வெச்சிருக்கறான். அதுக்கு முன்னால நின்னுக்கிட்டு இருக்கறான். சும்மா நிக்கலை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, ரெண்டு கையையும் விரிச்சு நிக்கறான், விளையாடறப்ப நிப்பானே அப்படி. போன்ல அவனுங்க இந்தப் பக்கம் நவுந்தா இவனும் நவுர்றான். பந்து ரிங்குக்குப் போனா இவன் எக்கறான். 'லெஃப்ட், லெஃப்ட்'டுங்கறான். ஸ்பானிஷ்ல என்னமோ கத்தறான். சட்டையெல்லாம் வேர்வை. வந்ததுல இருந்து அவன் மூஞ்சில அந்த உசுரை நான் பாக்கவே இல்லை அம்மணி. வருஷம் பூராம் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கறான். நான் கீழ பாக்க, இவன் மேல பாத்துக்கிட்டு.

ஹார்ன் அடிச்சுது. அப்படியே குத்த வெச்சு உக்காந்துட்டான். தோத்துட்டானுங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? 'தோத்தானுங்களா? நல்லா வேணும்'னேன்.

திரும்பிப் பாத்தான். கோவமெல்லாம் இல்லை. 'அம்மா, அது என் டீம்'னான்.

'உன்னைத் தொரத்துன டீமுடா.'

'நான் ஏத்துன டீம்.'

'ஏத்தி என்னத்தக் கண்டே? காத்தாடி ஏறிக்கிட்டு இருக்கறே.'

தொட்டி மேல இருந்த போனை எடுத்து அணைச்சான். அப்பறம் சொன்னான். 'அவங்க அங்க இருக்கற வரைக்கும் நான் போட்ட பந்து இருக்குதும்மா. எறங்கிட்டா அதுவும் இல்லை. நான் போனதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிரும்.'

மொளகாயை அள்ளிக்கிட்டுக் கீழ வந்துட்டேன். பந்தாவது, இருக்கறதாவது. போட்டா போட்டதுதானே, அது எங்க போவும்? ஆனா அன்னையில இருந்து எனக்கு அதே நெனப்பாக் கெடக்குது.

இன்னைக்கு வெடியால அவன்தான் பஸ் ஸ்டாண்டுல கொண்டு வந்து உட்டான். நான் எதுக்குப் போறேன்னு அவங்கப்பா சொல்லியிருப்பாரு போல. நான் ஏறி உக்காந்துட்டேன். அவன் கீழ நிக்கறான், ஜன்னலுக்கு நேரா அவன் மூஞ்சி. மத்த புள்ளைங்கன்னா அண்ணாந்து பேசோணும், என்ற பையன் நேருக்கு நேரு பேசுவான். வண்டியை எடுக்கப் போறாங்க. ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, 'அம்மா, ஜெயிக்கணும்னு வேண்டிக்கம்மா'ன்னான்.

அவன் என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதே இல்லை அம்மணி. சின்னப் புள்ளைல இருந்து கேட்டதில்லை. செருப்புப் பத்தாம கால் வெரலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், நானாப் பாத்து வாங்கிக் குடுத்தாத்தான் உண்டு. மொத மொதலா கேக்கறான். அதுவும் இதை.

சரி சாமின்னுட்டேன். வேறென்ன சொல்றது? பஸ்ஸு நவுந்துருச்சு. அவன் அங்கயே நின்னான், கூட்டத்துல தலை மட்டும் தனியாத் தெரிஞ்சுது, வளைவு திரும்பற வரைக்கும்.

ஜெயிச்சுட்டானுங்கன்னா என்ற பையன் ஏணி ஏறி ஏறித் தோள் கன்னிப் போய்க்கிட்டேதான் இருப்பான். தோத்துட்டானுங்கன்னா அந்த மொட்டை மாடில எப்படி உக்காந்தானோ, அப்படியே உக்காந்துருவான். நான் அவன் முன்னால போய் நின்னு எதைக் கேக்கறது? வாய் ஒண்ணைக் கேக்கும், வயிறு ஒண்ணைக் கேக்கும். ரெண்டுல எது முருகன் காதுல உழும்?

நீ படிச்ச புள்ளை, நீ சொல்லேன்னு கேக்கலாம்னுதான் உடுமலைல இருந்து பேசிக்கிட்டே வர்றேன். நீ பாவம், உனக்கு மயக்கம். இந்தா, கோபுரம் தெரியுது. கண்ணைத் தொடைச்சுக்க அம்மணி, நீ எதுக்கு அழுவறே? எந்திரி, எறங்கலாம்.